நாய்ப்பல் புல்

எபிசனுக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது புல். கத்தாரில் ஒரு பெரிய ஹோட்டலின் புல்தரைக்கு ஒன்பது வருடம் தண்ணீர் விட்டவன். இனி ஜென்மத்துக்கும் புல் முகத்தில் விழிப்பதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டுதான் சொந்த ஊரான புதுக்கடைக்குத் திரும்பி வந்தான். வந்தவனுக்கு வாய்த்தது துப்பறிவாளர் லீமாவிடம் உதவியாளர் வேலை. கொலை, கொள்ளை, வைரக் கடத்தல் என்று என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு சேர்ந்தவனுக்கு இந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிடைத்த கேஸ், காணாமல் போன ஒரு புல்.

"ஒரு கட்டா, ஒரு வண்டியா அக்கா?" என்று ஆம்னி வேனை ஓட்டிக்கொண்டே கேட்டான்.

"ஒரே ஒரு செடி," என்றாள் லீமா.

"அப்ப ஆடு தின்னிருக்கும். கேஸ் முடிஞ்சு. வண்டியைத் திருப்பட்டா?"

"நேரே பாத்து ஓட்டுலே."

லீமாவுக்கு நாற்பத்தைந்து வயது. தக்கலையில் ஒரு பேக்கரிக்கு மேலே அலுவலகம். அதற்கு முன்பு பதினான்கு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்தவள். செத்துப் போனதாகச் சான்றிதழ் வாங்கிய பசுமாட்டை உயிரோடு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து மேனேஜர் அறை வாசலில் நிறுத்தியவள் என்று அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. மாடு சாணி போட்டது என்பது எபிசன் தன் பங்குக்குச் சேர்த்தது.

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த நந்தனா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

நந்தனா ஆரல்வாய்மொழிக்காரி. அப்பா அங்கே காற்றாலைக் காவலாளி. இரண்டு வருடத்துக்கு முன்பு அவருக்குச் சோறு கொண்டு போனபோது, காற்றாலையின் காலடியில் அறுகம்புல்லின் சாயலில் ஒரு புல்லைப் பார்த்தாள். சாயல்தான் அறுகு, ஆள் வேறு. அந்த வழியே நடந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். குனிந்து பார்த்தவள், தாவரவியல் படித்த இவள் ஒருத்திதான். ஒன்றரை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டதில், அந்தப் புல்லுக்கு உலகத்தில் இன்னும் யாரும் பெயரே வைக்கவில்லை என்று தெரிந்தது.

புதுச் செடிக்குப் பெயர் வைப்பது, பிள்ளைக்குப் பெயர் வைப்பது போல் காதில் மூன்று முறை சொல்லி முடிகிற காரியமில்லை. செடியை வேரோடு எடுத்து, பழைய நியூஸ்பேப்பருக்குள் அழுத்தி உலர்த்தி, கெட்டித் தாளில் வைத்துத் தைக்க வேண்டும். யார், எங்கே, எப்போது எடுத்தது என்று மூலையில் சீட்டு ஒட்ட வேண்டும். ஹெர்பேரியம் என்கிற உலர்செடிக் காப்பகத்தில் அதைப் பத்திரமாக வைக்க வேண்டும். அந்தத் தாள்தான் பெயருக்குச் சாட்சி. போட்டோ நூறு இருந்தாலும் செல்லாது. தாள் இல்லையென்றால் பெயரும் இல்லை.

நாகர்கோவிலுக்கு வெளியே உள்ள கல்லூரியின் ஹெர்பேரியத்தில் இருந்த அந்தத் தாள்தான் காணவில்லை. புதன்கிழமை உறையைத் திறந்தால், நந்தனாவின் புல் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண அறுகம்புல் ஒட்டிய வேறொரு தாள் இருந்ததாம். 'வெறும் அறுகைக் கொண்டுவந்து புது இனம் என்று ஏமாற்றியிருக்கிறாள்' என்று துறைத் தலைவர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து நந்தனாவுக்கு அந்த அறைக்குள் நுழைய அனுமதி இல்லை. அந்த மாற்றுத் தாளை அவள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"மூணு மணிக்கு திருவனந்தபுரத்திலேருந்து ஸ்மிதா மேடம் வாறாங்க அக்கா. புல்லுன்னா அவங்கதான். அவங்க வாறதுக்குள்ள என் ஷீட் கிடைக்கலன்னா என் பிஎச்.டி. ரிஜிஸ்ட்ரேஷன் கேன்சல். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. படிப்பு போனாக்கூடப் பரவாயில்ல. ஊரை ஏமாத்தினவள்னு சொல்லிருவாங்களே, அதைத்தான் தாங்க முடியல."

"போய் இன்னொரு புல்லு பறிச்சா என்ன?" என்றான் எபிசன்.

"இப்போ காத்துக் காலம் அண்ணா. எல்லாம் காஞ்சு கிடக்கு. இனி ஐப்பசி மழைக்குத்தான் பூக்கும். அன்னைக்கு நாலு செடி எடுத்தேன். ஒண்ணு இங்கே. மத்த மூணையும் வேற ஊரு ஹெர்பேரியங்களுக்கு அனுப்பச் சொல்லி சார்கிட்ட குடுத்தேன். சார் அனுப்பியாச்சுன்னுதான் சொன்னாரு."

"எந்த சார்?"

"முத்துநாயகம் சார்தான். எங்க துறைத் தலைவர். எனக்கு கைடும் அவருதான். ரொம்ப நல்லவரு அக்கா. அறிக்கையில கையெழுத்துப் போடும்போது கண்ணு கலங்கிட்டாருன்னு சொன்னாங்க."

நல்லவர்கள் கையெழுத்துப் போட்டுக் கெட்டுப்போன கேஸ்களை லீமா நிறையப் பார்த்திருக்கிறாள்.

*

ஹெர்பேரியம் அறையில் பாச்சா உருண்டை வாசனை மூக்கைத் துளைத்தது. சுவர் முழுக்க இரும்பு அலமாரி. நந்தனா வேனிலேயே இருந்துவிட, லீமாவும் எபிசனும் மட்டும் உள்ளே போனார்கள்.

முத்துநாயகம் உயரமான மனிதர். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். வரவேற்பில் குறை வைக்கவில்லை. "பொண்ணு வீட்டு ஆளுங்க வந்து கேட்டா காட்டாம இருக்க முடியுமா? பாருங்க, நல்லாப் பாருங்க," என்று அந்த மாற்றுத் தாளை மேசைமேல் வைத்தார்.

தாளின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு இளம் அறுகு ஒரு பிடி. நுனிகளும் அடிகளும் அளவெடுத்து நறுக்கியது போல் ஒரே சீராக இருந்தன. மூன்று இடங்களில் தாளோடு சேர்த்துக் கட்டியிருந்தது. வலது மூலையில் நந்தனா பெயர் அச்சடித்த சீட்டு.

"இதுக்குப் பேரு சைனோடான் டாக்டைலான்," என்றார் முத்துநாயகம். வகுப்பு எடுக்கிற சுகம் குரலில் வந்துவிட்டது. "சைனோடான்னா நாய்ப்பல். டாக்டைலான்னா விரல். கதிர் விரல் மாதிரி விரிஞ்சிருக்கும்."

"பிள்ளையாருக்குச் சாத்துற புல்லுக்கு நாய்ப்பல்லுன்னா பேரு வச்சிருக்கு?" எபிசனுக்குத் தாங்கவில்லை. "பைரவருக்கு வச்ச பேரை விலாசம் மாத்தி இஞ்ச அனுப்பிட்டாவ போல இருக்கே சார்!"

"ஊருக்கு ஊர் ஒரு பேர் இருக்கும் தம்பி. வெளிநாட்டில இதையே பெர்முடா புல்லுன்னு சொல்றாங்க."

எபிசன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "என்னது, பெர்முடா புல்லுன்னா அறுகா? ஒம்பது வருஷம் அந்த வெயிலில நின்னு அறுகுக்கா தண்ணி விட்டேன்? எனக்க வீட்டு முற்றத்தில ஓசியில முளைக்கே சார்! அதைப் பிடுங்கிப் போடத்தானே எனக்க அம்மை ஆளு தேடுகா!"

"அதுக்குத்தான் லத்தீன் பேரு," என்று சிரித்தார் முத்துநாயகம். "ஊர்ப்பேர் மாறும். இது மாறாது."

"மாறவே மாறாதா சார்?" லீமா அப்பாவியாகக் கேட்டாள்.

"மாறும், ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சா. இதுக்கே முதல்ல வச்ச பேரு பானிக்கம் டாக்டைலான். அப்புறம் பேரினம் வேறன்னு கண்டுபிடிச்சு சைனோடானுக்கு மாத்தினாங்க. அது ஆச்சு இருநூறு வருஷம். பழைய பேரு செத்துப்போச்சு. இப்போ பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்குக்கூட அது தெரியாது."

லீமா குறித்துக்கொண்டாள். "இது அறுகுதான்னு எப்படி சார் முடிவு பண்ணீங்க? எனக்குப் பார்த்தா எல்லாப் புல்லும் ஒண்ணு போலத்தான் இருக்கு."

"சரியாச் சொன்னீங்க. இலையை வச்சுப் புல்லைப் பிரிக்க முடியாது. பூங்கதிரை லென்ஸ் வச்சுப் பார்க்கணும். பார்த்தேன். சந்தேகமே இல்லை. அறிக்கையிலயும் அப்படியே எழுதியிருக்கேன்." காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

"படம் எடுத்துக்கலாமா சார்? ரெண்டையும்."

"தாராளமா. மூணு மணிக்கு ஸ்மிதா மேடத்துக்கும் அறிக்கையைத்தான் காட்டப்போறேன். அவ்வளவு பெரிய நிபுணரை உட்கார வச்சு இந்தத் தாளைக் காட்டினா கல்லூரிக்குத்தான் கேவலம்."

லீமா போனில் படம் எடுக்கும்போது எபிசன் குனிந்து பார்த்தான். "அக்கா, இது நூலில்ல. வாழநாரு."

லீமா பக்கத்து அலமாரியிலிருந்து வேறு இரண்டு தாள்களை எடுத்துப் பார்த்தாள். இரண்டிலும் செடியைத் தைத்திருந்தது வெள்ளை நூல்.

"ஒட்டுறது, தைக்கிறது எல்லாம் அட்டெண்டர் வேலை," என்றார் முத்துநாயகம், அது தன் தகுதிக்குக் கீழான சமாசாரம் என்கிற மாதிரி. "குமாரதாஸ்னு ஒருத்தர். உடம்புக்கு முடியலைன்னார். புதன்கிழமையே சாவியை வாங்கிட்டு லீவில அனுப்பிட்டேன்."

"எந்த ஊரு அவருக்கு?"

"தோவாளை."

"அந்தப் பொண்ணு சொல்ற தாளை இந்த அறைக்குள்ள தேடிப் பார்த்தீங்களா சார்?"

"புல் குடும்பத்து உறை ஒண்ணு விடாம நானே தேடினேன். இருந்தாத்தானே கிடைக்கும்?"

*

தோவாளைக்குப் போகிற வழியில் காற்று வேனைப் பிடித்து ஆட்டியது. எபிசன் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே பேசினான். அவன் வாய் ஓய்வதற்கு இந்தக் காற்று போதாது.

"அக்கா, தோவாளையில பூக்கட்டத் தெரியாத ஆளுண்டா? பொறந்த பிள்ளைக்கும் கையில நாரைக் குடுத்துருவாவ. நாரு வச்சு அறுகு கெட்டினவன் அட்டெண்டருதான். அவரைப் பிடிச்சா கேஸ் குளோஸ். இதுக்கு நீங்க எதுக்கு? நானே போதும்."

"அட்டெண்டருக்கு எதுக்குலே அந்தப் புல்லு?"

"அது அவருக்கிட்டதான் கேக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து அவனுக்குப் பழைய துக்கம் திரும்ப வந்துவிட்டது. "இந்த அறுகைப் பத்தி எனக்கிட்ட கேட்டா நான் சொல்லியிருப்பேனே. லென்ஸ் வச்சுப் பூவைப் பாத்தாராம், பூவை. ஒம்பது வருஷத்தில நான் ஒரு பூவு பாத்ததில்ல."

"ஏன்?"

"வாரத்துக்கு ரெண்டு தடவ மெஷின் போட்டு வெட்டுவோம் அக்கா. எளசிலேயே வெட்டுனா எங்கேருந்து பூக்கும்? பூத்துச்சுன்னா மேனேஜரு எனக்க தலையை வெட்டுவான்."

"வண்டியை ஓரங்கட்டு," என்றாள் லீமா.

எபிசன் பதறிப்போய் ஓரங்கட்டினான். லீமா போனை எடுத்து, அந்தத் தாளின் படத்தை விரல்களால் விரித்து விரித்துப் பார்த்தாள். அப்புறம் அறிக்கையின் படத்தைப் பார்த்தாள். மறுபடியும் தாள். அவள் முகத்தில், செத்த மாட்டின் கழுத்து மணி தூரத்தில் கேட்டது போல் ஒரு சந்தோஷம் பரவியது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. ஒனக்க மேனேஜரு தங்கமான மனுஷன். வண்டியை எடு."

பின்சீட்டில் நந்தனா எதுவும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

*

தோவாளையில் குமாரதாஸ் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நந்தனாவைத் தெருமுனையில் வேனிலேயே விட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள். நாளைக்குச் சங்கடஹர சதுர்த்தி. வீட்டின் முன்னறை முழுக்க ஈரச் சாக்கில் அறுகம்புல் குவிந்திருந்தது. குமாரதாஸின் மனைவி பகவதியம்மாள் புல்லைப் பிடி பிடியாக எடுத்து வைக்க, குமாரதாஸ் நாரைச் சுற்றி மாலை கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். உடம்புக்கு முடியாதவர் மாதிரி இல்லை. ஆனால் முகம் மட்டும் தூங்கி நாலு நாள் ஆன முகம்.

"ஒரு அறுகம்புல் மாலை வேணுமே," என்று லீமா சாக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இருங்கம்மா, இப்பம் கெட்டித் தாறோம்," என்றாள் பகவதியம்மாள்.

லீமா ஒரு பிடி புல்லைக் கையில் எடுத்தாள். ஒரு சாண் நீளம். நுனி எல்லாம் ஒரே சீர். "இதில பூத்த புல்லு ஒண்ணுகூட இல்லையே?"

"பூத்தா முத்திப் போயிரும்லா. மாலையில நிக்காது, உதுந்துகிட்டு கெடக்கும். எளசாப் பாத்துத்தான் கிள்ளுவோம். வேரு, மண்ணு ஒண்ணும் இருக்காது."

குமாரதாஸின் விரல்கள் நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் நுழைத்து இழுத்தன. லீமா போனை எடுத்து, தாளின் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அதே சுற்று, அதே வளையம்.

குமாரதாஸ் படத்தைப் பார்த்தார். கையிலிருந்த நார் அப்படியே நின்றது.

"நான் போலீஸ் இல்லண்ணே," என்றாள் லீமா மெதுவாக. "நந்தனாவுக்க ஆளு."

"அந்தப் பிள்ளை எப்பிடி இருக்கு?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

எபிசன் மனசுக்குள் எழுதி வைத்திருந்த குற்றப் பத்திரிகை அந்த நிமிடமே கிழிந்துபோனது. திருடினவன் இப்படிக் கேட்க மாட்டான்.

"மூணு மணிக்குப் பெறவு எப்பிடி இருக்கும்னு தெரியாது. அது ஒங்க கையிலதான் இருக்கு," என்றாள் லீமா.

குமாரதாஸ் நாரைக் கீழே வைத்தார். "செவ்வாக்கிழமை சாயங்காலம் சார் என்னைக் கூப்பிட்டாரு. அந்தப் பிள்ளை ஷீட்டில இருக்க சீட்டை உரிச்சிட்டுப் புதுச் சீட்டு ஒட்டணும்னு சொன்னாரு. புதுச் சீட்டில, எடுத்தவரு முத்துநாயகம்னு இருந்துது. ஒரு சீட்டில்ல, நாலு சீட்டு. மத்த மூணு ஷீட்டும் எங்கயும் போகல. அவரு வீட்டில இருக்கு."

"அனுப்பியாச்சுன்னு சொன்னாரே," என்றான் எபிசன்.

"சொன்னாரு. அம்மா, எனக்குப் படிப்புக் கிடையாது. ஆனா பத்தொம்பது வருஷம் அந்த ரூமில இருக்கேன். ஒரு சட்டம் உண்டு. பேரு தப்புன்னா பக்கத்தில புதுச் சீட்டு ஒட்டலாம், பத்துச் சீட்டு வேணும்னாலும் ஒட்டலாம். பழைய சீட்டில மட்டும் கை வைக்கப்படாது. வெள்ளைக்காரன் காலத்துச் சீட்டுகூட அப்பிடியே இருக்கும். அதை உரிக்கச் சொன்னா எனக்குக் கை வருமா? காலையில பண்ணுகேன்னு சொல்லிட்டு, அன்னைக்கே அந்த ஷீட்டை எடுத்து ஒளிச்சு வச்சேன். சும்மா உறையைக் காலியா விட்டா அப்பவே தேடுவாரு. அதான் வெடியக்காலம் வீட்டில கெடந்த அறுகை எடுத்து, இஸ்திரி போட்டு, தாளில கெட்டி, அந்தப் பிள்ளை பேருக்கு அச்சடிச்சதில மிச்சம் கெடந்த சீட்டு ஒண்ணை ஒட்டி வச்சேன். இந்த வீட்டில நூலு ஏது? கை தன்னால நாரை எடுத்திட்டு."

"புதன்கிழமை அவரு தொறந்து பாத்தாரு. நீங்க இருந்தீங்களா?"

"பக்கத்திலதான் நின்னேன். இது யாரு மாத்தினதுன்னு கேட்டுச் சத்தம் போடுவாரு, பிரின்சிபால் வருவாரு, எல்லாரும் வருவாவ, அப்பம் எல்லாருக்கும் முன்னால நடந்ததைச் சொல்லிரலாம்னு நினைச்சேன்." குமாரதாஸ் நிறுத்தினார். "சத்தம் போடல. அதைப் பாத்துச் சிரிச்சாரு. பெறவு உக்காந்து அறிக்கை எழுதினாரு. எனக்கிட்ட சாவியை வாங்கிட்டு, எனக்க பெர்மனென்ட் ஃபைலு அவரு மேசையில இருக்குன்னு மட்டும் சொன்னாரு."

"பத்தொம்பது வருஷமா டெம்பரவரி," என்றாள் பகவதியம்மாள். "இந்த மாசம் கையெழுத்து ஆயிரும்னு இருந்தோம். மூணு மணிக்கு காலேஜுக்குப் போய் அந்த மேடத்திட்ட சொல்லணும்னு காலையிலேயே சட்டையைத் தேச்சு வச்சாரு. இன்னும் போடல."

"காலு எழும்பல," என்றார் குமாரதாஸ். வெட்கமாகத்தான் சொன்னார். "அந்தப் பிள்ளைகிட்ட முன்னாலயே சொல்லியிருந்தா அது நேரா அவருகிட்டயே போய்க் கேக்கும். அவருன்னா அதுக்குச் சாமி."

லீமா அவரை வற்புறுத்தவில்லை. நேர்மை, நியாயம் என்று பெரிய வார்த்தை எதுவும் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணே, ஒரு செடிக்கு வச்ச பேரு செத்துப்போச்சுன்னா, அந்தப் பேரு எழுதின உறையை என்ன செய்வீங்க? தூரப் போட்டிருவீங்களா?"

"எப்பிடிப் போடுகது? பழைய புஸ்தகம் படிச்சிட்டு அந்தப் பேரைத் தேடி யாராவது வந்தா? இன்ன பேரைப் பாக்கவும்னு உள்ள ஒரு துண்டுச் சீட்டு வச்சு, இருந்த எடத்திலேயே விட்டிருவோம்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒங்க சாருதான் கிளாஸ் எடுத்தாரு," என்றாள் லீமா. "மணி ரெண்டேகால். நாங்க வேனில இருக்கோம். பத்து நிமிஷம் பாப்போம். வரலன்னா ஒங்க மேல ஒரு கோவமும் இல்ல. நானே போய்ச் சொல்லிக்கிடுகேன்."

எட்டாவது நிமிடத்தில், தேய்த்த சட்டை காற்றில் படபடக்க, குமாரதாஸ் தெருமுனைக்கு வந்தார். பின்கதவைத் திறந்தவர் நந்தனாவைப் பார்த்ததும் தயங்கி நின்றார். அதற்குள் லீமாவிடம் எல்லாம் கேட்டிருந்த அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

*

மூன்று மணிக்கு ஹெர்பேரியம் மேசையைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். முத்துநாயகம், கல்லூரி முதல்வர், நடுவில் ஸ்மிதா மேடம். நரைத்த தலை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் லென்ஸ், சாயாவைத் தொடாத கை. முத்துநாயகம் அறிக்கையை நீட்டிய நேரத்தில் லீமா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். பின்னால் நந்தனா, குமாரதாஸ், எபிசன்.

"யாரு இவங்களை உள்ள விட்டது?" முத்துநாயகத்தின் குரலில் காலையில் இருந்த வகுப்புச் சுகம் இல்லை.

"ரெண்டு நிமிஷம் சார்," என்று முதல்வரைப் பார்த்துச் சொன்ன லீமா, மேசை ஓரத்தில் ஒரு ஃபைலுக்கு அடியில் இருந்த மாற்றுத் தாளை எடுத்து ஸ்மிதா மேடத்தின் முன் வைத்தாள். "அறிக்கை படிக்கிறதுக்கு முன்னால இதை ஒரு தடவ பாருங்க மேடம்."

ஸ்மிதா லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். உடனே இறக்கினார். "இதிலே பூவு எங்கே? வேரும் இல்லா. இது பூஜைக்குக் கெட்டின புல்லல்லே?"

"அறிக்கையில மூணாவது வரி," என்றாள் லீமா.

முதல்வர் வாங்கிப் படித்தார். "பூங்கதிர்களை லென்ஸ் கொண்டு ஆராய்ந்ததில், இது சாதாரண அறுகு என்று உறுதியாகிறது."

படித்துவிட்டு முத்துநாயகத்தைப் பார்த்தார்.

"மனக்கண்ணுக்கு லென்ஸ் போட்டுப் பாத்திருப்பாரு," என்று எபிசன் முனகியது எல்லோருக்கும் கேட்டது.

"இல்லாத பூவைப் பார்த்ததா எழுதணும்னா ஒரே காரணம்தான் இருக்க முடியும்," என்றாள் லீமா. "இது நந்தனாவோட தாள் இல்லைன்னு சாருக்குப் பார்த்த உடனே தெரிஞ்சுது. யாரு மாத்தினதுன்னு கேட்டா தாள் கிடைச்சிரும். கேக்காம இருந்தா பொண்ணு போயிருவா. புல்லும், சார் வீட்டில இருக்கிற மத்த மூணு தாளும் சாருக்கு மிச்சம்."

"அவசரத்தில ஒரு வரி தப்பா எழுதிட்டேன். அதுக்காக?" முத்துநாயகம் எழுந்துவிட்டார். "அப்படி ஒரு தாள் இருந்தாக் காட்டச் சொல்லுங்க. நான் எல்லா உறையும் தேடியாச்சு!"

"தேடினீங்க சார். உயிரோட இருக்கிற பேரா பார்த்துத் தேடினீங்க. செத்த பேரை விட்டுட்டீங்க." லீமா திரும்பினாள். "அண்ணே."

குமாரதாஸ் அலமாரியின் அடித்தட்டுக்குக் குனிந்தார். கை எங்கேயும் தேடவில்லை, நேராக ஒரு பழுப்பேறிய உறைக்குப் போனது. மேலே பானிக்கம் டாக்டைலான் என்று மங்கிய மையில் எழுதியிருந்தது. உள்ளே 'சைனோடான் டாக்டைலான் பார்க்கவும்' என்று ஒரு துண்டுச் சீட்டு. அதற்கும் அடியில் ஒரு தாள்.

வேரோடு, தண்டோடு, விரித்த விரல்கள் போன்ற கதிர்களோடு ஒரு புல், வெள்ளை நூலில் தைத்து அந்தத் தாளில் கிடந்தது. மூலைச் சீட்டில் நந்தனாவின் கையெழுத்து. நந்தனா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அழுதாள், இரண்டு நாளாக அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

ஸ்மிதா மேடம் பத்து நிமிடம் லென்ஸும் புல்லுமாகக் குனிந்திருந்தார். உதிர்ந்த விதைகளைப் போட்டு வைக்க ஒவ்வொரு தாளிலும் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் ஒட்டியிருக்கும். அதைப் பிரித்து விதையைப் பார்த்தார். "அறுகல்லா," என்றார். "ஞான் பார்த்ததிலே இப்படியொண்ணு இல்லா. மோளே, இது புதுசு."

பொட்டலத்துக்குள் விதையோடு மடித்த சீட்டு ஒன்றும் இருந்தது. "இது எந்தா?"

நந்தனா பதறி எழுந்தாள். "மேடம், அது வேண்டாம். அது நான் வைக்க நினைச்ச பேரு."

ஸ்மிதா அதற்குள் பிரித்துவிட்டார். வாய்விட்டுப் படித்தார்.

"சைனோடான் முத்துநாயகமி."

"சார் ரிட்டயர் ஆகிற அன்னைக்கு மேடையில சொல்லணும்னு வச்சிருந்தேன்," என்றாள் நந்தனா. கண்ணைத் துடைக்கவில்லை. "எங்க வீட்டில காலேஜுக்குப் போன முதல் ஆளு நான். சாருதான் எனக்குப் புல்லைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாரு."

முத்துநாயகம் நின்ற இடத்திலேயே நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். அவர் திருடப் போனதை அந்தப் பெண் அவருக்கே எழுதி வைத்திருந்தாள். உலகம் இருக்கிற வரைக்கும் புல்லோடு சேர்ந்து நின்றிருக்க வேண்டிய பேர். எபிசனுக்கு அந்த ஆள்மேல் கோபம்தான் இருந்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மற்ற மூணு ஷீட்டும் நாளைக்குக் காலையிலே இந்த மேசையில இருக்கணும்," என்றார் ஸ்மிதா, முத்துநாயகத்தைப் பார்க்காமலே. முதல்வர் அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விசாரணை எப்படி நடக்கும், யார் யாருக்காக யார் போன் பண்ணுவார்கள் என்பதெல்லாம் இனிமேல்தான். குமாரதாஸின் ஃபைலும் இன்னும் அதே மேசையில், அதே கையெழுத்துக்காகத்தான் காத்துக் கிடக்கிறது.

ஸ்மிதா சீட்டை நந்தனாவிடம் திருப்பிக் கொடுத்தார். "அச்சில வரும் வரைக்கும் இது பேரில்லா மோளே. மாத்தணும்னா இப்போ மாத்தலாம்."

நந்தனா பேனாவை வாங்கி, ஒரே கோடாக அடித்தாள். கீழே என்னவோ எழுதினாள்.

குமாரதாஸ் அதற்குள் பழக்கதோஷத்தில் புது உறை ஒன்றை எடுத்து மேசை ஓரத்தில் விரித்திருந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பேரை ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு மக்கா. உறையில எழுதணும்லா," என்றார்.

நந்தனா சீட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு, "எனக்க பேரா? புல்லுக்குப் போய் எனக்க பேரையா வைப்பாவ?" என்று யாரிடமோ கேட்டார்.

"புல்லுக்குத்தான் வைக்கணும்," என்றாள் நந்தனா. "நீங்கதானே காப்பாத்தினது."

பத்தொன்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான பெயர்களை, அர்த்தம் தெரியாமலே ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிய கை அது. இப்போது முதல் எழுத்திலேயே கோணியது. அந்த உறையை ஒதுக்கிவிட்டு இன்னொன்று எடுத்தார். அதிலும் மை சிந்தியது. மூன்றாவது உறையை எபிசன்தான் எடுத்துக் கொடுத்தான். கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தவன், சொல்லாமல் உறை நழுவாதபடி அதன் ஓரத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

குமாரதாஸ் எழுதினார்.